இருபத்தெட்டு நாள் மாதம்

ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதங்கள் என்று பள்ளியில் பயின்றோம். முன்கட்டண அலைபேசியின் கணக்கோ வேறு. அங்கே பெரும்பாலும் மாதம் என்பது 28 நாள்தான்; ஆகவே ஆண்டுக்குப் பதின்மூன்று முறை பணம் கட்ட வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு இது சிறு எரிச்சல். முதல் தேதியை நம்பி வாழும் முதியவருக்கோ இது தீராத தொல்லை.

கடலோரச் சிற்றூரில் தனித்து வாழும் எங்கள் அம்மா, மாதம் பிறந்ததும் தெருமுனைக் கடையில் ரீசார்ஜ் செய்துகொள்வார். இருபத்தெட்டாம் நாளோடு அது முடிந்துவிடும். மாதக் கடைசியில் இரண்டு மூன்று நாள்கள் அவரால் எவரையும் அழைக்க இயலாது. காலக்கெடுவை அறிவிக்கும் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வரும். அம்மா தமிழ் மட்டுமே அறிந்தவர். அத்தகைய ஓர் இரவில் காய்ச்சல் முற்றி, எங்களை அழைக்க முயன்று முடியாமல், சுவரைப் பிடித்தபடியே அடுத்த வீடுவரை நடந்திருக்கிறார். செய்தியறிந்த பிள்ளைகள் மூவரும் கூடினோம். அம்மாவுக்கேற்ற நிறுவனம் எது என்பதே கேள்வி.

எங்களில் ஒருவர் கட்டணப் பட்டியலை விரித்தார். மற்றொருவர் நாளொன்றுக்கு எத்தனை ஜிபி கிடைக்கும் என்றார். அம்மா ஒரே மூச்சில் முடித்துவிட்டார்: “எனக்கு நெட்டு எதுக்குப்பா? நீங்க கூப்பிட்டா மணி அடிக்கணும். நான் கூப்பிட்டா நீங்க எடுக்கணும். அவ்வளவுதான்.”

எண்ணிப் பார்த்தால், கேட்பதற்கும் விலை கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசியதே இந்நாட்டின் முதல் அலைபேசி அழைப்பு. அந்நாளில் அழைத்தவர் மட்டுமன்றி, அழைக்கப்பட்டவரும் பணம் கட்டினார். 2003இல் அந்நிலை மாறிற்று. ஆனால் 2018இன் இறுதியில், இணைப்பு உயிரோடிருக்கவே குறைந்தபட்ச ரீசார்ஜ் வேண்டும் என்று பெரிய தனியார் நிறுவனங்கள் சில விதித்தன. பிள்ளையின் குரலைக் கேட்பதற்கு மீண்டும் ஒரு விலை வந்து சேர்ந்தது.

அம்மாவின் சொல்லையே அளவுகோலாகக் கொண்டோம். அவரது கருவி பழைய பொத்தான் பேசி. ஜியோவுக்கு 2ஜி சேவை இல்லாமையால் அதன் சிம் அந்தக் கருவியில் இயங்காது. அதனை ஒதுக்கினோம். மற்ற நிறுவனங்களின் சிம் அட்டைகளை உறவினரிடம் இரவல் வாங்கி, அம்மா நாள்முழுதும் புழங்கும் இடங்களிலெல்லாம் பேசிப் பார்த்தோம். ஒன்று திண்ணையில் தெளிவாகப் பேசி, அடுப்படியில் ஊமையாயிற்று. ஒன்று கொல்லைப்புறத்திலும் விடாது ஒலித்தது. விளம்பரம் சொல்லாததை அடுப்படி சொல்லிற்று!

அடுத்தது நாள்கணக்கு. இணையம் வேண்டாதவர்க்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் ஒன்றையேனும் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2024 டிசம்பரில் விதித்தது. சிறப்புத் திட்டங்களின் உச்சவரம்பையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. அத்தகைய ஓராண்டுத் திட்டத்தை நாங்கள் தேர்ந்தோம். மொத்தத் தொகை பெரிதாகத் தோன்றினும், மூவர் பகிர்ந்தபோது இலகுவாயிற்று.

அம்மாவுக்கோ ஓர் அச்சம்: “நம்பர் மாறிடுமா?” ஊரார் பலரின் குறிப்பேட்டிலும் உள்ள எண் அன்றோ! மாறாது என்றோம். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடெங்கும் உண்டு. போர்ட் என்ற ஆங்கிலச் சொல்லையும் நமது எண்ணையும் 1900க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதனை அடையாளச் சான்றுடன் புதிய நிறுவனத்திடம் தர வேண்டும். ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலைநாள்களில் மாற்றம் முடியும் என்பது விதி. பழைய கணக்கில் மீந்த தொகை மட்டும் உடன் வாராது. 2018இல் ஏர்செல் நொடித்தபோது, தமிழகத்தில் அதன் வாடிக்கையாளர் தம் எண்ணைக் காத்துக்கொள்ள இவ்வழியையே நாடினர். நிறுவனம் வரும், போகும். எண் நம்மோடு இருக்கும்.

மலிவானது எது என்னும் கேள்விக்கு விடை ஆண்டுதோறும் மாறும். யாருக்காக, எந்த இடத்தில், எதன் பொருட்டு என்னும் கேள்விகளை முதலில் கேட்டோமானால் தேர்வு எளிதாகும். வீட்டில் முதியவர் இருப்பின், பட்டியலைப் புரட்டுமுன் அவரது அடுப்படியில் ஒருமுறை பேசிப் பார்ப்பது நலம்.

இப்போது அம்மாவின் இணைப்புக்கு ஆண்டுக்கொருமுறை பணம் கட்டினால் போதும்; நாள் நெருங்கும்போது நிறுவனமே நினைவூட்டும். ஆனால் அவரை நாள்தோறும் அழைக்க வேண்டியவர்கள் நாங்கள். அதை நினைவூட்ட எந்தக் குறுஞ்செய்தியும் வருவதில்லை.