ஊசி மருந்தும் உள்காதும்: சில குறிப்புகள்

1952-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு மருத்துவர் தன் பெயரை முதலெழுத்துகளாக மட்டும் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். முழங்காலில் காசநோய் வந்து ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டவர். ஊசி அவருடைய சமநிலை உணர்வை எடுத்துவிட்டது. படுக்கையில் கிடந்து புத்தகம் படிக்க முயன்றால் எழுத்துகள் துள்ளும். ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் தலை துளி அசைகிறது. நம் எல்லாருக்கும் அசைகிறது. உள்காது அதைப் பிடித்துக் கண்ணுக்குச் சொல்ல, கண் எதிர்ப்பக்கம் திரும்பிச் சரிசெய்துவிடுகிறது. அவருக்கு அந்தத் தகவல் வந்து சேரவில்லை. கட்டில் தலைமாட்டுக் கம்பிகளுக்கு நடுவே தலையைச் செருகி, அசையாமல் பிடித்துக்கொண்டுதான் படித்தார்.

ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளி தலை சுத்துது என்றால், "சாப்பிடாம வந்திருப்பீங்க" என்று பதில் சொல்கிறவர்கள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும்.

*

ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், கனாமைசின், அமிகாசின், நியோமைசின், டோப்ராமைசின். எல்லாம் ஒரே குடும்பம்: அமினோகிளைக்கோசைடுகள். குடும்பம் ஒன்றானாலும் காதில் தாக்கும் இடம் வேறு. ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் பெரும்பாலும் சமநிலைப் பகுதியைக் கெடுக்கும். கனாமைசினும் அமிகாசினும் நியோமைசினும் கேட்கும் பகுதியைக் கெடுக்கும். இரண்டு பகுதியிலும் அழிவது மயிர்செல்கள். பறவைகளுக்கும் மீன்களுக்கும் அவை திரும்ப முளைக்கின்றன. நமக்குப் போனால் போனதுதான்.

ஸ்ட்ரெப்டோமைசின் தலைசுற்றலைத் தருகிறது என்று தெரிந்ததும், 1940-களின் பிற்பகுதியில், அதோடு ஹைட்ரஜன் சேர்த்து டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் என்று ஒன்றைச் செய்தார்கள். தலைசுற்றல் குறைந்தது. பாதுகாப்பான மருந்து கிடைத்துவிட்டது என்று நம்பிப் பலருக்கும் கொடுத்தார்கள். காது கேட்காமல் போனது பிறகு, சிலருக்கு ஊசி நிறுத்திச் சில மாதம் கழித்து. ஒரு மருந்தின் தீங்கைக் கவனிக்கக் காத்திருக்க வேண்டிய காலம், அதன் பலனைப் பார்க்கக் காத்திருக்கும் காலத்தைவிட நீளமானது. இதை அன்றைக்குப் பலருடைய காதுகள் சொல்லிக்கொடுத்திருக்கும்.

*

ஸ்ட்ரெப்டோமைசின் பிறந்த கதை சுருக்கமாக. 1943 அக்டோபர், நியூஜெர்சி, ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். ஆல்பர்ட் ஷாட்ஸ், வயது 23, நிலவறை ஆய்வுக்கூடத்தில் தனியாக வேலை பார்த்தார். எருப் போட்ட வயல் மண்ணிலிருந்து ஒன்று, ஒரு கோழியின் தொண்டையிலிருந்து எடுத்தது ஒன்று என்று இரண்டு நுண்ணுயிர் வகைகள் கிடைத்தன. பென்சிலினுக்கு அசையாத காசக்கிருமியை அவை தடுத்தன. 1952 நோபல் பரிசு ஆய்வுக்கூடத் தலைவர் செல்மன் வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. ஷாட்ஸ் அதற்கு முன்பே வழக்குப் போட்டு, கண்டுபிடித்ததில் தனக்கும் பங்குண்டு என்று ஏற்கச் செய்திருந்தார். அப்படியும் பரிசுக்குழு அவரைச் சேர்க்கவில்லை. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

*

பிரிட்டனில் போருக்குப் பின் கையில் டாலர் இல்லை, மருந்தும் மிகக் கொஞ்சம். எல்லாருக்கும் கொடுக்க முடியாது என்ற நிலையில், யாருக்குக் கொடுப்பது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில், புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில், மூடிய உறைகள். 107 நோயாளிகள். 55 பேருக்கு ஊசியும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் இறந்தவர்கள் 4 பேர், இரண்டாம் குழுவில் 14 பேர். 1948-இல் வெளியான அந்த அறிக்கைதான் இன்றைக்கு ஒவ்வொரு மருந்தையும் சோதிக்கும் முறைக்கு முன்மாதிரி.

அதே அறிக்கையில் குறைவாகப் பேசப்படும் இரண்டு செய்திகள் உண்டு. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தலைசுற்றல் சொன்னார்கள், அதுவும் நாலாவது ஐந்தாவது வாரத்தில். இன்னொன்று, கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. முதல் மாதங்களில் தேறியவர்கள் மறுபடி சரிந்தார்கள். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது இரு குழுவிலும் பாதிக்கு மேல் உயிரோடு இல்லை. ஒற்றை மருந்தால் காசநோயை வெல்ல முடியாது என்ற பாடம் அங்கிருந்து வந்தது. பி.ஏ.எஸ். என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்ததும் கிருமி பழகுவது வெகுவாகக் குறைந்தது.

*

நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர்வெல். 1948, ஸ்காட்லாந்தின் ஹேர்மைர்ஸ் மருத்துவமனை. நண்பர் டேவிட் ஆஸ்டரின் உதவியால் அமெரிக்காவிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. அவருக்கு அது கடும் ஒவ்வாமையைக் கொடுத்தது. தோல் உரிந்தது, வாயெல்லாம் புண், முடி கொட்டியது, நகம் கெட்டது. நிறுத்தினார்கள். மிச்ச மருந்து வேறு நோயாளிகளுக்குப் போனது. ஒவ்வாமை வந்தால் அளவைக் குறைத்து மெல்லமெல்லப் பழக்கிக் கொடுக்கலாம் என்ற அனுபவம் அப்போது அங்கிருந்த மருத்துவர்களுக்கு இல்லை. எழுதிக்கொண்டிருந்த நாவலை முடித்துவிட்டு 1950 ஜனவரியில் இறந்தார்.

*

அமினோகிளைக்கோசைடுகள் வேலை செய்யும் விதம். பாக்டீரியாவுக்குள் புரதம் கட்டும் இடம் ரைபோசோம். இந்த மருந்து அதன் சிறிய பாகத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அச்சுக்கோப்பவர் ஓர் எழுத்துக்கு வேறு எழுத்தை எடுத்துவைத்த மாதிரி, ரைபோசோம் தப்பும் தவறுமாகப் புரதம் கட்டுகிறது. அந்தக் கோணல் புரதங்கள் கிருமியின் சவ்வில் போய் உட்கார, சவ்வு ஓட்டையாகிறது. ஓட்டை வழியே இன்னும் மருந்து உள்ளே வருகிறது. கிருமி சாகிறது. வளர்வதை நிறுத்திவைப்பதோடு விடாமல் கொன்றே போடும் மருந்து இது.

உள்ளே நுழைய ஆக்சிஜன் வேண்டும். அதனால் காற்றில்லாமல் வாழும் கிருமிகளிடம் செல்லாது. சீழ்க்கட்டிக்குள்ளும் சரியாக வேலை செய்யாது.

குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறாது, அதனால்தான் ஊசி. மூளைத் தண்டுவட நீரிலும் போதிய அளவு சேராது. அந்தக் காலத்தில் காச மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகளுக்கு முதுகுத்தண்டில் குத்தி நேராகச் செலுத்தினார்கள், நாள்கணக்கில். அந்த மருந்து வருமுன் அந்த நோய் வந்த குழந்தை பிழைத்ததே கிடையாது என்பதையும் சேர்த்துத்தான் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடம்பில் சிதையாது. போட்டது போட்டபடியே சிறுநீரகம் வழியாக வெளியேறும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, வயதானவருக்கு, உடலில் தண்ணீர் வற்றியவருக்கு அதே அளவு ஊசி இரட்டிப்பு நஞ்சாகும். சிறுநீரகத்தையும் அது கெடுக்கும், பெரும்பாலும் ஐந்தாறு நாளுக்குப் பிறகு. சிறுநீர் வழக்கம்போல் போய்க்கொண்டே இருக்கும் என்பதால் வெளியே தெரியாது. ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தால்தான் பிடிபடும். நிறுத்தினால் சிறுநீரகம் பெரும்பாலும் மீண்டுவிடும். காதுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

முன்பெல்லாம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துப் போட்டார்கள். இப்போது பெரும்பாலானோருக்கு ஒரு நாள் அளவை ஒரே தடவையாகப் போடுகிறார்கள். கேட்பதற்குத் துணிச்சலாகத் தோன்றும், கணக்கு சரிதான். ரத்தத்தில் உச்ச அளவு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு கிருமி சாகும், மருந்து இறங்கிய பிறகும் மிஞ்சிய கிருமி சில மணி நேரம் எழாது. இறங்கிக் கிடக்கும் நேரம் சிறுநீரகத்துக்கு ஓய்வு.

*

சென்னை சேத்துப்பட்டு. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் நான்கும் சேர்ந்து அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. முதல் ஆய்வு உலகத்தையே மாற்றியது. சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் இருந்தவரும், நெருக்கடியான வீட்டில் இருந்தபடி மாத்திரை எடுத்தவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். அந்த ஆய்வில் ஊசி இல்லை.

அடுத்து வந்த ஆய்வில் ஊசி வந்தது: வாரம் இரண்டே தடவை, நோயாளி மையத்துக்கு வந்து, நர்ஸ் கையால் ஸ்ட்ரெப்டோமைசின், கூடவே கண்ணெதிரே ஐசோனியாசிட் மாத்திரை. முடிவு 1964-இல் வெளியானது. தினமும் வீட்டில் தானே மாத்திரை எடுத்தவர்களுக்கு இவர்கள் குறையவில்லை. மாத்திரையை விழுங்கினாரா, ஜன்னல் வழியே எறிந்தாரா என்று யாருக்கும் தெரியாது. ஊசி போட்டால் போட்டதுதான். பக்கத்தில் நின்று மருந்து கொடுக்கும் முறைக்கு அந்த ஊசி ஒரு காரணம். அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

*

நம் ஊரில் ரொம்ப நாள் இருந்த காசநோய்ச் சிகிச்சை முறை 'கேட்டகரி 2'. மருந்தைப் பாதியில் விட்டவர், நோய் திரும்பியவர் எல்லாருக்கும் வாரம் மூன்று ஊசி, இரண்டு மாதம், ஆக 24. பெரியவர்களுக்கு 0.75 கிராம், ஐம்பது வயது தாண்டினால் அரை கிராம். கர்ப்பிணிக்குக் கூடாது. வயிற்றிலுள்ள குழந்தையின் காது போகும். தோற்றுப்போன மருந்துகளோடு புதிதாக ஒன்றை மட்டும் சேர்ப்பது தவறான வழி என்று எத்தனையோ பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2017-இல்தான் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொன்னது.

மருந்துக்கு அடங்காத டி.பி.க்கு அதைவிடக் கடினம். கனாமைசின் மாதக்கணக்கில். எனக்குத் தெரிந்த ஒரு தறிக்காரர், பவர்லூம் பட்டறையில் வேலை. தறிச் சத்தத்தில் அவருக்கே ஒன்றும் தெரியவில்லை, வீட்டில் அவர் மனைவிதான் கண்டுபிடித்தார். "செல்லு அடிச்சா எடுக்க மாட்டேங்குறாருங்க, பக்கத்துலயே கெடக்குது" என்றார். முதலில் போவது உச்ச சுருதிச் சத்தங்கள்தான். பேச்சு வெகுநாள் கேட்டுக்கொண்டிருக்கும், அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. பிறகு தறிக்காரரே சொன்னார்: "கேக்குதுங்க. என்ன சொல்றாங்கன்னுதான் வெளங்க மாட்டேங்குது." ஊசி தொடங்குமுன் ஒரு ஆடியோகிராம், பிறகு மாதம் ஒன்று எடுத்திருந்தால் அந்த முதல் சரிவிலேயே பிடித்திருக்கலாம். அந்தச் சோதனைக்கு ஒரு சத்தமில்லாத அறையும் ஒரு கருவியும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும்.

சத்தமும் இந்த மருந்தும் சேர்ந்தால் கேடு கூடும் என்று விலங்குச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பட்டறைத் தொழிலாளிக்கு ஊசி எழுதுகிறவர் 'என்ன வேலை' என்றும் கேட்க வேண்டும்.

*

நெல்வயலில் பாக்டீரியா இலைக்கருகலுக்கு அடித்துவந்த ஸ்ட்ரெப்டோசைக்ளின் பொட்டலத்தில் இருந்ததும் ஸ்ட்ரெப்டோமைசின்தான், கொஞ்சம் டெட்ராசைக்ளினோடு. மனிதனுக்கு அளந்து அளந்து போட்ட மருந்தை மண்ணில் தெளித்தால், எதிர்ப்பைக் கற்றுக்கொள்ள மண்ணிலுள்ள கிருமிகளுக்கு நாமே பள்ளிக்கூடம் வைத்துக் கொடுத்ததாகும். எனக்கு இதில் இரண்டு கருத்து இல்லை.

*

வீட்டு மருந்துப் பெட்டி. நியோஸ்போரின் பவுடரில் நியோமைசின் இருக்கிறது. சிறு சிராய்ப்புக்குப் பரவாயில்லை. பெரிய தீக்காயத்தில் கொட்டினால் ரத்தத்தில் ஏறிக் காதைப் பறிக்கலாம். ஜென்டாமைசின் காதுச் சொட்டு மருந்தும் அப்படியே: செவிப்பறையில் ஓட்டை இருந்தால் மருந்து நடுக்காதைக் கடந்து உள்காதுக்கே போகும். ஒருவருக்கு எழுதிய சொட்டு மருந்தை இன்னொருவர் காதில் விடுவது நம் வீடுகளில் சாதாரணம். விடக் கூடாது.

*

நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆதியில் பாக்டீரியாவாக இருந்தது. அதன் ரைபோசோம் இன்னும் பாக்டீரியாவின் சாயலில்தான் இருக்கிறது. அதன் டி.என்.ஏ.வில் 1555-ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் சாயல் இன்னும் நெருங்கிவிடும். அப்படிப்பட்டவரைச் சரியான அளவில் போட்ட ஊசியே நிரந்தரச் செவிடாக்கலாம். 1993-இல் கண்டறிந்தார்கள். பிரிட்டனில் ஏறக்குறைய ஐந்நூறு பேரில் ஒருவருக்கு இந்த மாற்றம் உண்டு.

இது தாய்வழியாக மட்டுமே இறங்கும். அம்மாயி, பெரியம்மா, சித்தி, தாய்மாமன் என்று அம்மா பக்கத்தில் யாருக்காவது 'சின்ன வயசில் காய்ச்சலுக்கு ஊசி போட்டாங்க, காது போயிடுச்சு' என்ற கதை இருந்தால், அதைக் கதையாக விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மான்செஸ்டரில் பச்சைக்குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்து 26 நிமிடத்தில் இந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் கருவியைச் சோதித்தார்கள். 2022-இல் வெளியான முடிவு: 751 குழந்தைகளில் மூன்று பேரிடம் இருந்தது. அந்த மூன்று பேருக்கும் வேறு மருந்து. ரத்தத்தில் கிருமி பரவிய சிசுவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும் என்பதால், 26 என்ற எண் இங்கே உயிரான எண்.

*

2018-இல் தென்னாப்பிரிக்கா மருந்துக்கு அடங்காத டி.பி.க்கு ஊசியை விலக்கி பெடாகுவிலின் மாத்திரைக்கு மாறியது. கனாமைசினை உலக சுகாதார நிறுவனம் அந்த நோய்க்கான பரிந்துரைப் பட்டியலிலிருந்தே எடுத்தது. இந்தியாவிலும் இப்போது மாத்திரைகள்தான். தறிக்காரருக்குச் சில வருஷம் பிந்திவிட்டது.

ஆனால் ஜென்டாமைசினும் அமிகாசினும் எங்கும் போய்விடவில்லை. பச்சைக்குழந்தை வார்டிலும் ஐ.சி.யு.விலும் தினமும் ஏறுகின்றன. விலை குறைவு, வேறு மருந்து பலிக்காத கிருமியிடமும் பல நேரம் பலிக்கின்றன. அவை இல்லாமல் இன்றும் பல உயிர்கள் போகும்.

*

ஊசிக்கு முன் சொல்ல வேண்டியவை: சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ஏற்கெனவே காது மந்தம், தசை சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிரேவிஸ் (இதில் மூச்சே நிற்கலாம்), லாசிக்ஸ் போன்ற நீர் பிரிக்கும் மருந்து, அம்மா வழிக் காதுக் கதை. ஊசி நடக்கும் நாளில் சொல்ல வேண்டியவை: காதில் ரீங்காரம், அடைத்தாற்போல் இருப்பது, இருட்டில் நடக்கத் தடுமாற்றம், நடக்கும்போது எதிரே பார்ப்பது ஆடுவது. மருந்து உள்காது செல்களுக்குள் மாதக்கணக்கில் தங்குகிறது. கடைசி ஊசிக்குப் பின்னும் கேட்பது குறையலாம் என்பதால், சிகிச்சை முடிந்த சில மாதம் கழித்தும் ஒரு ஆடியோகிராம் எடுக்க வேண்டும்.