கிள்ளானில் சாப்பிட்ட பர்கர்

நிவித்திகல பஸ் நிலையத்திற்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. அதன் கண்ணாடிப் பெட்டியில் மீன் பணிஸ், ரோல்ஸ், சீனி தூவிய கிம்புலா பணிஸ் எல்லாம் அடுக்கியிருக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய நான் அந்தக் கடையில் ஒருநாள்கூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வாங்குவேன், பையில் போட்டுக்கொண்டு தோட்டத்திற்கு ஏறிவிடுவேன். அப்படிப்பட்ட நான் அந்நிய நாட்டில், தெருவோரத்தில் நின்று பர்கர் சாப்பிட்ட கதையை, சகோதரிகளே, உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வந்தவர். அவருடைய அண்ணனோ மலாயாவுக்குக் கப்பலேறினார். இரண்டு குடும்பங்களுக்கும் இடையே பல வருடங்கள் கடிதம்கூட இல்லை. கையடக்கத் தொலைபேசி வந்த பிறகுதான் என் மகன் அவர்களைத் தேடிப் பிடித்தான். 2023ஆம் ஆண்டு, கிள்ளானில் இருக்கும் அக்கா தன் மகளின் கல்யாணத்திற்கு அழைத்தார். சட்டை தைத்துச் சேர்த்த காசில் டிக்கெட் வாங்கினேன்.

கடவுச்சீட்டு கைக்கு வந்த அன்று அம்மாவை நினைத்து அழுதேன். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம்மை இரண்டு நாடுகளுக்கும் பங்கு பிரித்தது. அம்மாவின் அப்பா இந்தியாவுக்கு என்று விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் தங்கிவிட்டார். அதனால் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அம்மாவுக்கு எந்த நாடும் சொந்தமில்லை. உரிமை கிடைத்தபோது அவருக்குப் பயணம் போகிற வயது கடந்துவிட்டது.

விமானத்தில் மூன்றரை மணி நேரம்தான். கோலாலம்பூரிலிருந்து ரயிலில் கிள்ளான் போனோம். தெங்கு கிளானா வீதியில் இறங்கினால் பூக்கடையும் புடவைக்கடையும் தமிழ்ப் பேச்சும்தான். அக்கா முன்பு இருந்த தோட்டத்தில் இப்போது இறப்பர் மரங்கள் இல்லை. கொஞ்சம் எண்ணெய்ப் பனையானது, மிச்சம் வீடுகளானது. அக்கா குடும்பத்தினர் அடுக்குமாடியில் குடியிருக்கிறார்கள்.

கல்யாணத்திற்கு இரண்டு நாள் முன்பு, மாலையில் அக்கா என்னைக் கீழே கூட்டிப்போனார். சாலையோரத்தில் ஒரு ஒட்டுக்கடை. தெருவோரக் கடையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு மலாய் அம்மா இரும்புக் கல்லின் முன் நின்றிருந்தார்.

"இதுதான் ரம்லி பர்கர், தங்கச்சி. எங்க ஊருப் பலகாரம் மாதிரி" என்றார் அக்கா.

"மாட்டிறைச்சியா அக்கா?"

"இல்ல, இல்ல. ஆயாம்னு சொல்லியிருக்கேன். ஆயாம்னா கோழி."

அந்தப் பெயருக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் உழைப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே விற்ற பர்கர் ஹலால்தானா என்ற சந்தேகம் முஸ்லிம் மக்களுக்கு இருந்தது. 1979இல் ரம்லி மொக்னி என்பவரும் அவர் மனைவியும் தாங்களே இறைச்சி வட்டைகளைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். இன்று அந்தப் பெயரைத் தாங்கிய சிறு கடைகளை மலேசியாவின் தெருக்களில் நிறையப் பார்க்கலாம்.

அந்த அம்மா செய்த விதத்தை நான் கண் வாங்காமல் பார்த்தேன். கல்லில் மார்ஜரின் தடவி, பணிஸை இரண்டாக வெட்டி வாட்டினார். கோழி வட்டையை நடுவில் கீறி விரித்தார். மிளகுத்தூள் தூவி, கறுப்புச் சோஸ் தெளித்தார். பிறகு ஒரு முட்டையை உடைத்து, தோசைபோல மெல்லியதாகப் பரப்பி, வட்டையை அதன் நடுவில் வைத்து நான்கு பக்கமும் மடித்தார். கோவா, வெங்காயம், மயோனைஸ், மிளகாய்ச் சோஸ் சேர்த்துக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

விலை ஆறு ரிங்கிட். மனம் உடனே கணக்குப் போட்டது. நம் பணத்தில் நானூறு ரூபாய்க்கு மேல். அப்போது நம் தோட்டங்களில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய். சூடான அந்தப் பொட்டலத்தை அப்படியே கைப்பையில் வைக்கப் போனேன்.

"ஏன் வைக்கிற?"

"வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிடுவோம் அக்கா."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அம்மாவும் இப்படித்தான். மரம் சீவிட்டு வந்து எங்களுக்கெல்லாம் போட்டுட்டு, சட்டியை வழிச்சுத் தின்பாங்க. கடைசிவரைக்கும் சிவப்பு அடையாள அட்டைதான். இந்த மண்ணுலயே பிறந்தும் குடியுரிமை இல்லாமலே போய்ச் சேர்ந்தாங்க. இது உனக்கு வாங்கினது. ஆறிடும், சாப்பிடுலா" என்றார்.

எங்கள் அம்மாவும் இறப்பர் பால் வெட்டியவர்தான். பிரேசிலிலிருந்து எடுத்த விதையில் வளர்த்த இறப்பர்க் கன்றுகள் 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு வந்தன. அடுத்த வருடம் சிங்கப்பூருக்கும் போயின. அந்த மரத்தின் பின்னால்தான் எங்கள் தாத்தாக்களும் போயிருக்கிறார்கள். சம்பள நாளில் அம்மா வாங்கிவரும் ஒரே கிம்புலா பணிஸை ஐந்தாகப் பிய்த்து எங்களுக்குத் தருவார். அவருக்குக் காகிதத்தில் உதிர்ந்த சீனி மட்டும்தான்.

நின்றபடியே கடித்தேன். முட்டையின் ஆவி நாக்கைச் சுட்டது. மிளகு காரம், சோஸின் இனிப்பு, கோவாவின் நறுக்கென்ற சத்தம். சோஸ் முழங்கைவரை வழிந்தது. யாருக்கும் எடுத்து வைக்காமல், யார் தட்டையும் பார்க்காமல் முழுவதையும் நானே சாப்பிட்டேன். பாதியில் தொண்டை அடைத்தது உண்மைதான். ஆனால் நிறுத்தவில்லை. "இன்னொண்ணு சொல்லவா?" என்று அக்கா கேட்டபோது இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ஊர் திரும்பியதும் வீட்டில் செய்து பார்த்தேன். கோழிக்குப் பதில் டின் மீனும் உருளைக்கிழங்கும் பிசைந்து, தட்டையான கட்லட்டாகப் பொரித்தேன். தோசைக் கல்லில் முட்டையைப் பரப்பி அதில் மடித்து, வாட்டிய பணிஸுக்குள் வைத்தேன். மயோனைஸ் இல்லை, வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் மிளகாய்த்தூளும் போதுமாக இருந்தது.

மருமகள் கொழுந்துக்குப் போய் வந்து அடுப்படியில் நின்றாள். முதல் பணிஸை அவள் கையில் கொடுத்தேன்.

"அவங்க வரட்டும் மாமி" என்றாள்.

"அவனுக்கு வரும்போது சுட்டுத் தரலாம். நீ சூட்டோட சாப்பிடு."

தயங்கித் தயங்கித்தான் கடித்தாள். இப்போது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பணிஸ் சுட்டால், முதலாவது அவளுக்குத்தான். பேத்திக்கும் அந்த வழக்கம் பழகிவிட்டது. "அம்மாவுக்கு வெச்சீங்களா அப்பாயி?" என்று அவளே கேட்கிறாள்.