பழைய கொப்பியும் பங்குக் கிணறும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க் குழுவினர் கேட்டபோது, கல்லூரியில் யாம் கற்றதை எழுதுவதா, கற்கத் தவறியதை எழுதுவதா என்று சிறிது நேரம் எண்ணினோம். முன்னதை எழுதுவோர் பலர் உளர். ஆதலாற் பின்னதையே எழுதத் துணிந்தோம்.

1964-ஆம் ஆண்டில் யாம் 16 வயது மாணவர். சரித்திரம் கற்பித்த ஆசிரியர், விடுமுறைக் காலத்தில் ஒவ்வொருவரும் தத்தம் குடும்ப வரலாற்றை வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு எழுதி வருதல் வேண்டும் எனப் பணித்தார். யாமும் 80 பக்கக் கொப்பி ஒன்றுடன், திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாச்சியின் முன் அமர்ந்தோம். உண்மையைச் சொன்னால், எமக்கு வேண்டியிருந்தது வரலாறன்று, ஒரு முதலியார். எம் முன்னோருள் ஒருவர் ஒல்லாந்தர் காலத்தில் அப்பட்டம் பெற்றவர் என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. அவரைத் தேடிப்பிடித்துக் கொப்பியின் முதற் பக்கத்தில் இருத்திவிட வேண்டும் என்பதே எம் நோக்கம்.

அப்பாச்சி பலவற்றைச் சொன்னார். யாம் ஆண்களின் பெயர்களை மாத்திரம் எழுதினோம். தம் தாயாருக்கு ஒரு தங்கை இருந்தார் என்று அவர் சொன்ன இடத்தில், ‘பெண் ஒருத்தி’ என்று எழுதிக் கோடிட்டோம். பெயரைக் கேட்டோமில்லை. “கிணறு முந்தி, வேலி பிந்தி, மோனை” என்றும் ஒருமுறை சொன்னார். அதனை ஏதோ பழமொழி எனக் கருதிக் கடைசிப் பக்கத்திற் குறித்து வைத்தோம். பெட்டகத்திலிருந்து ஒரு சாதக ஓலையை எடுத்துக் காட்டி, “இவருக்குப் பேரன்ரை பேர்” என்றார். ‘பேரனின் சாதகம்’ என எழுதிக்கொண்டோம். ஓலையிலே பார்த்திப வருஷம் என்றிருந்தது. பழைமை மிகுந்தாற் பெருமையும் மிகும் அன்றோ? 1825 எனப் பதிந்தோம்.

கொப்பி ஆசிரியரிடமிருந்து திரும்பி வந்தபோது, அதிற் சிவப்பு மையில் ஒரு வரி காணப்பட்டது: ‘பெண்களின் பெயர்கள் எங்கே?’ புள்ளிகள் நன்றாகக் கிடைத்திருந்தமையால் அவ்வரியை யாம் பொருட்படுத்தவில்லை.

இனி, எம் அயல் வீட்டைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். அவ்வீட்டாருக்கும் எமக்கும் இரண்டு தலைமுறைப் பகை. வேலி ஒரு முழம் இப்பால் வந்ததா, அப்பாற் போனதா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, இரு வீட்டுப் பெண்களின் நகைகளையும் விழுங்கி முடிந்திருந்தது. கிணறோ இரு வளவுக்கும் நடுவிலே கிடந்தது. வேலி அதற்குக் குறுக்கே செல்லும். அப்பால் ஒரு துலா, இப்பால் ஒரு துலா. ஒரே ஊற்றின் நீரை அள்ளுவோர் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கார். அவ்வீட்டுப் பிள்ளை எம் வகுப்பு மாணவர். ஆறு ஆண்டுகள் ஒரே வகுப்பிலிருந்து, மணி அடித்ததும் வெவ்வேறு ஒழுங்கைகளால் வீடு சென்றோம். வகுப்பில் எல்லாரும் எல்லாரையும் ‘மச்சான்’ என்றே அழைப்போம். அவரை மட்டும் யாம் அவ்வாறு அழைத்ததில்லை.

1995 ஒக்டோபர் 30-ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, பலரைப் போல யாமும் காணி உறுதிகள் இருந்த தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த ஆண்டில் ஊர் திரும்பியபோது எம் வீடு நின்றது. அயல் வீடு நிற்கவில்லை. அதற்குரியோர் முன்னரே கடல் கடந்து போயிருந்தனர். வேலியும் இல்லை. கிணறு மாத்திரம் இருந்தது.

2014-ஆம் ஆண்டில், வெளிநாட்டிற் கற்கும் எம் மகளின் மகன் குடும்ப மரம் ஒன்று வரையவேண்டும் என்று கேட்டமையால், அத்தகரப் பெட்டியைத் திறந்தோம். உறுதிகளின் அடியிலே கொப்பியும் சாதக ஓலையும் கிடந்தன. வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன. ஆதலால் 1825-உம் பார்த்திபமே, 1885-உம் பார்த்திபமே. ஓலையிற் கண்ட மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றைச் சோதிடர் ஒருவரைக் கொண்டு ஒத்துப் பார்த்தபோது, அவை யாவும் 1885-இலேயே பொருந்தின. அப்போதுதான் அப்பாச்சியின் சொல் விளங்கிற்று. எம்மூர் வழக்கிற் பேரன் என்பது பாட்டனைக் குறிக்கும். ‘இவர் தம் பாட்டனின் பெயரைத் தாங்கியவர்’ என்று அவர் சொல்ல, யாம் அதனைப் பாட்டனின் சாதகமே எனக் கொண்டோம். சாதகத்துக்குரியவர் அப்பாச்சியின் மூத்த தமையனார். இவ்வாறு எம் கொப்பியின் மிக மூத்த மனிதர் ஒரே நாளில் 60 வயது இளையவரானார்.

இழந்தவருக்கு ஈடாக வேறொருவர் அகப்படுவாரோ என்று, அப்பாச்சியின் தாயாருக்கு 1883-இல் எழுதப்பட்ட சீதன உறுதியை எடுத்தோம். இளமையில் அதனை வாசித்தபோது, கொடுத்தவர் பெயரையும் பரப்புக் கணக்கையும் பார்த்தோமேயன்றி, நான்கு எல்லைகளையும் நொத்தாரிசின் வாய்பாடு என விட்டுவிட்டோம். இம்முறை அவற்றையும் வாசித்தோம். வடக்கெல்லையாகக் குறிக்கப்பட்டிருந்தது, அதே தந்தையார் தம் இளைய மகளுக்கென ஒதுக்கிய பங்கு. அம்மகளின் பெயரும் இருந்தது. கீழே, நடுவேயுள்ள கிணற்றில் அரைப் பங்கும் வழி வாய்க்காலும் என்று கண்டிருந்தது.

கிணறு முந்தி, வேலி பிந்தி!

1707-இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையைக் கற்றோர் இதனை எளிதில் உணர்வர். முதுசொம் ஆண்மக்களைச் சாரும். சீதனம் பெண்மக்களுக்குப் போகும். ஆதலால் எம்மூரில் வீடும் வளவும் பெரும்பாலும் தாய்வழியே இறங்குவன. ஒரு தாயின் வளவு இரு பெண்களுக்குப் பிரியும்போது, அவர்கள் அயலவரும் ஆகின்றனர். பெண்களின் பெயரை விட்டுவிட்டு நிலத்தின் வரலாற்றை அறிதல் இயலாது. நிலத்தை விட்டுவிட்டு உறவை அறிதலும் அரிது. ஆசிரியரின் சிவப்பு மை கேட்டது இதனையே.

காணிக் கந்தோரிற் சில நாட்கள் இருந்து தேடினோம். வடக்குப் பங்கு தாயிடமிருந்து மகளுக்கும், அவரிடமிருந்து அவர் மகளுக்கும் சீதனமாக இறங்கி, எம் வகுப்புத் தோழரின் தாயாரிடம் வந்து நின்றது. முறைப்படி எண்ணினால் அவ்வம்மையார் எம் தந்தையாருக்குச் சகோதரி, எமக்கு மாமி. அவர் இறந்த அன்று, வேலிக்கு இப்பால் நின்று பொற்சுண்ணம் பாடும் ஒலியைக் கேட்டோம். அச்செத்தவீட்டுக்கு யாம் போகவில்லை.

அப்பாச்சி ஏன் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்று பலமுறை எண்ணியதுண்டு. வழக்கின் புண் ஆறாத காலம் அது. எனினும் அவர் முற்றும் மறைத்தவரல்லர். தங்கை இருந்ததைச் சொன்னார்; கிணற்றையும் சொன்னார். கேளாதவர் யாமே.

தோழர் இப்போது ரொறன்ரோவில் வாழ்கிறார். 2015 தைப்பொங்கலன்று தொலைபேசியில் அழைத்து, உறுதியில் உள்ளவாறே நான்கு எல்லைகளையும் வாசித்தோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்னர், “கிணத்துத் தண்ணி இப்பவும் நல்ல தண்ணியோ, மச்சான்?” என்று கேட்டார்.

நல்ல தண்ணீர்தான். அவ்வளவுக்கு மறுபடியும் வேலி அடைக்கவில்லை.

இம்மலரை வாசிக்கும் இளம் மாணவருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் முதியோர் இருக்கையிற் கேளுங்கள். அவர் சொன்னதைச் சொன்னவாறே எழுதுங்கள். பெண்களின் பெயர்களைத் தவறாது கேளுங்கள். விளங்காத சொல்லையும் எறியாது காத்து வையுங்கள். அது விளங்கும் வயது பின்னர் வரும். எழுதிய கொப்பியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திறந்து வாசியுங்கள். யாம் 50 ஆண்டுகள் காத்திருந்தோம். அதற்குள் மாமி போய்விட்டார்.

முதலியார் இன்றுவரை அகப்படவில்லை. அவரை இப்போது தேடுவதுமில்லை.