ஒழுகினாலும் ஓடும் வண்டி

போன வாரம் ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு சண்டை. "உலகத்திலேயே உறுதியான வண்டி எது?" என்று எவனோ ஆரம்பித்து வைத்தான். நான் யோசிக்காமல் "பழைய லேண்ட் ரோவர்" என்றேன். ரூம்மேட் விழுந்து விழுந்து சிரித்தான். "டேய், அது நின்ன இடத்துலயெல்லாம் ஆயில் ஒழுகுற வண்டிடா. நம்பகமான வண்டின்னா டொயோட்டா!" நாங்கள் இருவருமே மெக்கானிக்கல் என்பதால் சண்டை ஒரு மணி வரை நீண்டது. படுத்த பிறகுதான் தோன்றியது, நாங்கள் இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தோம் என்று.

முதலில் அந்த வண்டி பிறந்த கதை. 1947. போர் முடிந்த பிரிட்டனில் எதற்கும் தட்டுப்பாடு. ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் பக்கம் ஆங்கில்சீ தீவில் இருந்த தன் பண்ணையில் போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்து உழைப்பு வாங்கிக்கொண்டிருந்தார். இது போய்விட்டால் அடுத்து என்ன வாங்குவது? அவர் ஊரில் அப்படி ஒரு வண்டியே கிடையாது. நாமே செய்தால் என்ன என்று ரெட் வார்ஃப் பே கடற்கரை மணலில் படம் போட்டுக் காட்டினாராம். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளியே வந்தது.

எஃகுக்கு ரேஷன் என்பதால் உடம்புக்கு அலுமினியக் கலவைத் தகடு. வளைவு நெளிவாக அழுத்தி எடுக்கப் பெரிய அச்சுகள் வேண்டும், அதற்குக் காசில்லை. அதனால் தகடுகளெல்லாம் தட்டை. பெயிண்டும் போரில் மிஞ்சிய பச்சை. ஆக, இந்த வண்டியின் பெருமைகளில் பாதி இல்லாமையில் பிறந்தவை. தட்டைத் தகடு நசுங்கினால் சுத்தியலால் நிமிர்த்தலாம். மட்கார்டு போனால் போல்ட்டைக் கழற்றி வேறு மாட்டலாம். பேட்டரி இறங்கிவிட்டால் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றி ஸ்டார்ட் பண்ணலாம்.

இதை நம்பிக் கிளம்பிய ஆறு பேர் நம்மைப் போல மாணவர்கள்தான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள். 1955 செப்டம்பரில் இரண்டு சீரிஸ் ஒன் லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குத் தரைவழியே புறப்பட்டார்கள். வண்டிகளுக்கும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்றே பெயர், ஒன்று கருநீலம், இன்னொன்று வெளிர்நீலம். படம் பிடிக்க ஃபிலிம் கொடுத்து உதவியவர் அப்போது பிபிசியில் இளைஞராக இருந்த டேவிட் அட்டன்பரோ! துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இந்தியா, பர்மா என்று போய், போருக்காகப் போட்டுப் பிறகு காடு விழுங்கிக்கொண்டிருந்த லெடோ சாலையையும் தாண்டி, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். கேம்பிரிட்ஜ் பின்னாளில் ஈரானில் ஒரு பள்ளத்தாக்கில் விழுந்து முடிந்துபோனது. ஆக்ஸ்ஃபோர்டு தென் அட்லாண்டிக்கில் செயின்ட் ஹெலினா தீவில் துருப்பிடித்துக் கிடந்தது. அதை மீட்டுப் பழுதுபார்த்து, 2019-ல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்ப ஓட்டி வந்தார்கள். முதல் பயணக் குழுவில் இருந்த டிம் ஸ்லெஸரின் பேரன் அந்தப் பயணத்தில் ஓட்டினார்.

சரி, இப்போது ரூம்மேட் கட்சிக்கு வருவோம். அவன் சொன்னது பொய்யில்லை. "லேண்ட் ரோவருக்கு அடியில் எண்ணெய் இல்லை என்றால் உள்ளேயும் எண்ணெய் இல்லை என்று அர்த்தம்" என்பது அதன் சொந்தக்காரர்களே சொல்லும் ஜோக். உடம்பு அலுமினியம் என்றாலும் சேஸிஸ் எஃகுதான், அது நன்றாகவே துருப்பிடிக்கும். அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு இன்னும் வேகம். ஆஸ்திரேலியாவில் 1950-களின் கடைசியில் டொயோட்டா லேண்ட் க்ரூசர் வந்து இறங்கியது. கொஞ்ச காலத்தில் அந்த நாட்டின் உள்பகுதிகளில் லேண்ட் ரோவருக்கு இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கம்மியாகக் கெடும் வண்டியை ஜனங்கள் வாங்கினார்கள், அவ்வளவுதான்.

பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் ஹாஃப் ஷாஃப்ட் உடைவதும் பழைய சீரிஸ் வண்டிகளின் பிரசித்தி பெற்ற வியாதி. ஆனால் உடைந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். சீரிஸ் டூ, த்ரீ வண்டிகளில் மஞ்சள் குமிழை அழுத்தினால் முன்சக்கரங்களுக்கும் இழுவிசை போகும், வண்டி மெல்ல வீடு வந்து சேரும். மாற்ற வேண்டுமா? சக்கரத்தைக் கழற்றாமலே ஹப்பில் ஆறு போல்ட்டை எடுத்தால் ஷாஃப்டை வெளியே உருவிவிடலாம். விவரம் தெரிந்தவர்கள் ஒரு உபரி ஷாஃப்டை வண்டியிலேயே வைத்திருப்பார்கள்.

எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு இரண்டு தனித்தனி அளவுகள் உண்டு. ஒரு கோளாறுக்கும் அடுத்த கோளாறுக்கும் நடுவே சராசரியாக எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது எம்டிபிஎஃப். கெட்டால் சரிசெய்யச் சராசரியாக எவ்வளவு நேரம் என்பது எம்டிடிஆர். தேவைப்படும்போது வண்டி தயாராக இருக்குமா என்பதை இரண்டும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ரூம்மேட் முதல் அளவைப் பேசினான், நான் இரண்டாவதை. பரீட்சையில் இரண்டுக்கும் மார்க் வாங்கிவிட்டு சண்டையில் மறந்துவிட்டோம் :-)

இரண்டாவது அளவின் அருமை தெரிய டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங் போக வேண்டும். அங்கிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்ஃபூவுக்குக் கல்லும் குண்டும் குழியுமான மலைப்பாதையில் 1950-களின் லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகள் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப் போயின. பல வண்டிகளில் அசல் எஞ்சின் போய் மஹிந்திரா டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. "அப்ப அது லேண்ட் ரோவரே இல்லையே" என்று ரூம்மேட் கேட்பான். அந்நிய எஞ்சினையும் ஏற்றுக்கொண்டு மலை ஏறியதே, அதைத்தான் நான் உறுதி என்கிறேன்.

அந்தப் பழைய வம்சத்தின் கடைசி டிஃபெண்டர் 2016 ஜனவரி 29 அன்று சாலிஹல் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. மொத்தம் இருபது லட்சத்துக்கும் மேல். 2019-ல் அதே பெயரில் அறிமுகமானது முற்றிலும் வேறு வண்டி. தனி சேஸிஸ் கிடையாது, உள்ளே முழுக்க எலக்ட்ரானிக்ஸ். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்பேனரோடு அதன் பக்கத்தில் போகத் தைரியம் வராது.

போன மாதம் என் லேப்டாப் பேட்டரி போயிற்று. சர்வீஸ் கடையில், "பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருக்கு தம்பி, எடுத்தா மத்ததும் போயிரும். புதுசா வாங்கிக்கங்க" என்றார்கள். மூன்று வருஷம் ஒரு தொந்தரவும் தராத லேப்டாப். ரூம்மேட் கணக்குப்படி நம்பகமானதுதான். முதல் தடவை கெட்டபோதே அதன் ஆயுசு முடிந்துவிட்டது.

இந்த செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு ஒரு சின்ன பம்ப் வடிவமைக்கிறோம். மூடியை ஒட்டிவிட்டால் விலை குறையும், கசிவும் குறையும் என்கிறான் ரூம்மேட். நான் ஆறு போல்ட் போடலாம் என்கிறேன். சண்டை இன்னும் முடியவில்லை.