பாய்காட் என்றொரு மனிதர்

உறவில் ஒரு கல்யாணம் என்றால், "நான் அதைப் பாய்காட் பண்ணிட்டேன்" என்று முறுக்கிக்கொள்ள ஒருவர் இருப்பார். தனியாளாகக் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காருவதற்கு அந்தச் சொல் பொருந்தாது. ஏன் என்று அறிய, அது பிறந்த கதைக்குப் போக வேண்டும்.

பாய்காட் என்பது ஒரு மனிதரின் பெயர். சார்லஸ் பாய்காட் 1832-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். பட்டாளத்தில் கொஞ்ச காலம் இருந்தவர். அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தர். 1880-இல், விளைச்சல் பொய்த்து நொந்திருந்த குத்தகைதாரர்கள் குத்தகைப் பணத்தில் கால் பங்கு குறைக்கச் சொன்னார்கள். பிரபு பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. கட்டாதவர்களை வெளியேற்ற நோட்டீஸ் கிளம்பியது.

அந்தச் செப்டம்பரில்தான் அயர்லாந்துத் தலைவர் பார்னெல் என்னிஸ் நகரில் பேசியிருந்தார். வெளியேற்றப்பட்டவன் நிலத்தை எடுத்துக்கொள்பவனை அடிக்காதீர்கள், ஒதுக்கி வையுங்கள் என்பது அவர் சொன்ன வழி. மேயோ மக்கள் அதைக் காரியஸ்தர் மேல் பிரயோகித்தார்கள். வேலையாட்கள் நின்றுகொண்டார்கள். கடைக்காரர் சாமான் தரவில்லை. துணி வெளுக்க ஆளில்லை, லாடம் அடிக்க ஆளில்லை. அறுவடைக்கு வெளியூரிலிருந்து 50 பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஏறக்குறைய ஆயிரம் துருப்புகள். சுமார் 500 பவுன் பெறுமான விளைச்சலை எடுக்க 10,000 பவுன் செலவானதாகக் கணக்கிட்டார்கள். டிசம்பர் பிறந்ததும் பாய்காட் குடும்பத்தோடு அயர்லாந்தைவிட்டே போனார்.

இதற்கு என்ன பெயர் வைப்பது? ஒதுக்கிவைப்பதைக் குறிக்கும் 'ஆஸ்ட்ரசைஸ்' என்ற கிரேக்க வழிச் சொல் குடியானவர்களுக்கு விளங்காது என்று எண்ணிய உள்ளூர்ப் பாதிரியார் ஓமாலி, அந்த மனிதரின் பெயரையே வினைச்சொல்லாக்கினார். சில வாரங்களில் அந்தச் சொல் லண்டன் பத்திரிகைகளில் ஏறி, பிறகு பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழிகள் வரை போய்விட்டது. 1905-இல் வங்கத்தில் அந்நியத் துணியை மறுத்தவர்களும் அதையே கையில் எடுத்தார்கள்.

இப்போது சொல்லின் எல்லை தெரிகிறதல்லவா? பலர் சேர வேண்டும். வெளிப்படையாகச் செய்ய வேண்டும். கேட்பது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும்.

இளைஞர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேயோவில் எளியவர்கள் வலியவர் மேல் பிரயோகித்த ஆயுதம் அது. நம் கிராமங்களிலோ வலியவர்கள் எளியவர் மேல் அதையே ஏவியிருக்கிறார்கள்: கடையில் சாமான் கிடையாது, காட்டில் வேலை கிடையாது. அதற்குப் பெயர் ஊர்விலக்கு. தலித், பழங்குடி மக்கள் மீது அப்படிச் சமூகப் புறக்கணிப்பை ஏவுவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். ஆகவே யாரையாவது ஒதுக்கி வைக்க ஊர் கூடினால், சேரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தப் பக்கம் நிற்பவன் நம்மைவிட வலியவனா, எளியவனா? எளியவன் என்றால் அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு வேலையில்லை.