பழுது பார்ப்பதா, விட்டுவிடுவதா?

பழைய கார் ஒன்றின் என்ஜின் கெட்டுவிட்டால் அறிவுரை வழங்குவோர்க்குப் பஞ்சமில்லை. "இரும்புக் கடைக்குத் தள்ளிவிடுங்கள்" என்பர் ஒரு சாரார். "அந்தக் காலத்து இரும்பு, விட்டுவிடாதீர்கள்" என்பர் மறு சாரார். இரு சாராரும் செலவுச் சீட்டைப் பார்த்தவர்கள் அல்லர். காரின் அடிப்பாகத்தைக் குனிந்து நோக்கியவர்களும் அல்லர்.

எங்களுடையது 1992-ஆம் ஆண்டு அம்பாசடர். டீசல், 1489 சி.சி. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி வங்காளத்து உத்தரபாராவில் உருவாகி, 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றுபோன இனம். சென்ற ஆண்டு நாங்குநேரிக்கு அப்பால் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. வெளிப்புறம் நன்றாக இருந்த அந்த ரப்பர், உட்புறம் உளுத்திருந்ததாம். மெக்கானிக் எண்ணெய்க் குச்சியை உருவிக் காட்டினார். பால் கலந்த தேநீர் போலிருந்தது எண்ணெய். கேஸ்கட் சில நாள்களாகவே கசிந்து, தண்ணீர் எண்ணெயோடு கலந்து, பேரிங்குகளை அரித்துவிட்டது. கிராங்க் ஷாஃப்ட்டிலும் கீறல்கள் விழுந்திருந்தன.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தை வாசகர்களுக்குக் கூற வேண்டும். கீறல் விழுந்த கிராங்கைத் தேய்த்து மெருகேற்றி, அதற்கேற்பத் தடித்த பேரிங் பொருத்துவர். தேய்ப்பதற்கு அளவு உண்டு: ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு, இருபது, முப்பது, நாற்பது. அதற்குமேல் பேரிங் கிடைக்காது. எங்கள் கிராங்க் ஏற்கெனவே முப்பதில் நிற்கிறது. "இன்னும் ஒரு கிரைண்டிங்தான் சார் பாக்கி" என்றார் மெக்கானிக். கிராங்க், பிஸ்டன், ரிங், ஹெட் வேலை எல்லாம் சேர்த்து 72,000 ரூபாய் என்று கணக்கிட்டார். ஓடாத காருக்குப் பழைய இரும்புக்காரர் கொடுக்க முன்வந்ததோ 35,000.

35,000 பெறுமானமுள்ள பொருளுக்கு 72,000 செலவிடுவது மடமை என்பான் என் மகன். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இந்தக் கணக்கில் ஒரு பிழை உண்டு. விற்கப்போகிறவர்க்கே விற்பனை விலை முக்கியம். ஓட்டப்போகிறவர், கார் இல்லாவிட்டால் என்ன செலவாகும் என்றுதான் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அக்கேள்வி வெறும் கணக்கன்று. என் மனைவிக்கு இரு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. மாதம் மூன்று முறை வள்ளியூரிலிருந்து திருநெல்வேலிக்கு, போக 45 கிலோமீட்டர், வர 45, மருத்துவரிடமும் பயிற்சிக்கும் செல்ல வேண்டும். பேருந்துப் படிகள் அவளுக்கு மலை. அறுவை சிகிச்சைக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒன்று வங்கியில் கிடக்கிறது. என்ஜினுக்குப் பணம் எடுப்பதானால் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் சிகிச்சை ஓராண்டாவது தள்ளிப்போகும். அதுவரை பயிற்சியாலும் மருந்தாலும் தாக்குப்பிடிக்கலாம் என்று மருத்துவர் கூறியிருந்தார். ஆனாலும் வலியைத் தாங்குவது மருத்துவரல்லவே.

வாடகைக் காருக்கு ஒரு பயணத்துக்கு 1,800 ரூபாய். சொந்தக் காரில் டீசல் ஏறத்தாழ 700. பயணத்துக்கு 1,100 மிச்சம், மாதம் 3,300. 72,000-த்தை ஈடுகட்ட 22 மாதங்கள் ஆகும். பழுது பார்த்த என்ஜின் ஒழுங்காக ஓடினால் நான்கைந்து ஆண்டு நிற்கும் என்பது மெக்கானிக்கின் கணிப்பு. இடையில் 2027-இல் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த காருக்கு 2022 ஏப்ரலில் 5,000 ஆன அக்கட்டணம், 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. பழைய காரை வைத்திருப்போர் அரசுக்குச் செலுத்தும் காணிக்கை என்று வைத்துக்கொள்ளலாம்!

சென்னை புதுப்பேட்டையில் முழு என்ஜினே கிடைக்கும் என்றார் நண்பர் ஒருவர். கிடைக்கலாம், ஆனால் என்ஜின் எண் மாறினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றைத் திருத்தியாக வேண்டும். முன்பின் அறியாத என்ஜினின் வரலாற்றை யார் சொல்வார்?

மெக்கானிக் ஒரு நல்ல காரியம் செய்தார். என்ஜினைக் கழற்றுமுன் காரைத் தூக்கிவைத்து, ஸ்குரூ டிரைவரின் பிடியால் அடித்தகட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டினார். அம்பாசடருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். என்ஜினை எத்தனை முறையும் புதுப்பிக்கலாம். அடித்தகடு இற்றுவிட்டால் அதன்மேல் போடும் பணம் மண்ணில் ஊற்றிய நீர். பின்னிருக்கைக்குக் கீழே உள்ளங்கையளவு ஓர் இடம் மட்டும் துருப்பிடித்திருந்தது. மற்ற இடமெல்லாம் கணீரென்று ஒலித்தது.

மகன் தன் பங்குக்கு நண்பர்களின் மூன்று கார்களைக் கொண்டுவந்து அம்மாவை உட்காரச் சொன்னான். ஒன்று தாழ்வு; குழிக்குள் இறங்குவது போல. இன்னொன்று உயரம், கைப்பிடித்து ஏற வேண்டும். மூன்றாவதில் கால் மடக்க முடியவில்லை. அம்பாசடரில் நாற்காலியில் அமர்வது போல அமர்கிறாள், கதவும் அகலம்.

"ஆபரேஷன் முடிஞ்ச பிறகும் ஆறு மாசம் ஆஸ்பத்திரிக்கு அலையணுமே. அப்ப எதுல ஏறுவேன்? முதல்ல வண்டியைப் பாருங்க" என்றாள். அந்தப் பணம் அவள் பெயரில் இருந்தது. காசோலையில் அவளே கையொப்பமிட்டாள்.

வேலைக்கு 24 நாள்கள் ஆயின. நாற்பதாவது அளவுக்குத் தேய்த்தாயிற்று. முதல் 1,000 கிலோமீட்டர்வரை விரைவாக ஓட்டக்கூடாது. 500-இல் எண்ணெய் மாற்ற வேண்டும். மூன்று முறை திருநெல்வேலி போய்வந்துவிட்டோம். எண்ணெய்க் குச்சியை நாள்தோறும் காலையில் உருவிப் பார்க்கிறேன்.