மடை வழியா மலை ஏறின கப்பல்

"பதினாறு நாள் கடலுக்குள்ள உட்காந்து என்னதான்யா பண்ணுன?" ஊருக்குத் திரும்பினதுல இருந்து டீக்கடையில, களத்துமேட்டுல, ரேஷன் கடை வரிசையில எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. மொத்தமா இங்க எழுதிடுறேன்.

மகளும் மாப்பிள்ளையும் ஃப்ளோரிடாவுல இருக்காங்க. தை அறுப்பு முடிஞ்சு, கண்மாய் வத்திக் கிடக்கிற ஏப்ரல் மாசம். மாட்டைத் தம்பி பாத்துக்கிறேன்னு சொல்லிட்டான். அதனால நானும் வீட்டம்மாவும் கிளம்பிட்டோம். ஃபோர்ட் லாடர்டேல்ல ஏறி, கொலம்பியாவுல கார்தஹேனா, அப்புறம் பனாமா கால்வாய், கோஸ்டா ரிகா, மெக்சிகோன்னு சுத்தி, கலிஃபோர்னியாவுல சான் டியேகோவுல இறங்குற கப்பல். குளிர்காலத்துல கரீபியன் பக்கம் ஓடுற சில கப்பல்கள் கோடையில அலாஸ்கா பக்கம் போயிடுமாம். அப்படி இடம் மாறுறப்ப காலியாப் போகாம ஆளை ஏத்திக்கிட்டுப் போறாங்க. நம்ம ஊர்ல அறுப்பு முடிஞ்சதும் ஆட்டுக்கிடை இடம் மாறுதுல்ல, அந்தக் கணக்குத்தான்.

கப்பல்ல ரெண்டாயிரம் பேர். காலையில நாலு மணிக்கு முழிச்சிருக்கிறவங்க என்னையும் சேர்த்து அஞ்சாறு பேர்தான் இருப்போம். மாட்டுக்காரனுக்கு நாலு மணிக்கு முழிப்பு வந்துடும், கப்பல்ல மாடு இல்லேன்னு உடம்புக்குத் தெரியாது. மேல் தளத்துக்குப் போனா, ஒரு பிலிப்பைன்ஸ் தம்பி ஹோஸ் பைப்ல தரையைக் கழுவிக்கிட்டிருப்பான். எனக்கு இங்கிலீசு கொஞ்சம், அவனுக்குத் தமிழ் பூஜ்யம். ரெண்டாம் நாள் "ஃபார்மர், ரைஸ்"னு நெஞ்சைத் தொட்டுக் காமிச்சேன். பைப்பைக் கீழ போட்டுட்டு "மை ஃபாதர், ரைஸ்!"னான். அவங்க அப்பாவும் நெல்லு விவசாயி.

அப்புறம் பாடம் ஆரம்பிச்சது. உமியோட இருந்தா அவங்க மொழியில பாலாய், குத்தி எடுத்தா பிகாஸ், வெந்து தட்டுக்கு வந்தா கானின். நமக்கு நெல்லு, அரிசி, சோறு. இங்கிலீசுக்காரனுக்கு மூணுக்கும் ரைஸ்தான். நாத்து நட்டு, களை எடுத்து, அறுத்து, அவிச்சு, குத்தி, பொங்குற வரைக்கும் எத்தனை பேர் பாடுபடுறாங்க, அத்தனைக்கும் ஒரே பேரான்னு நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம். அவன் வீட்டை விட்டு வந்து ஏழு மாசம் ஆச்சாம். அனுப்புற காசுலதான் அங்க உரம் வாங்குறாங்களாம். அவங்க அப்பா இந்த வருஷம் நட்டாச்சான்னு ஃபோன் பண்ணிக் கேக்கணும், சிக்னல் உள்ள ஊரு வரட்டும்னான்.

எங்க அறையைக் கூட்டுற தம்பி தினமும் சாயங்காலம் துண்டை மடிச்சு ஒரு மிருகம் செஞ்சு கட்டில்ல வச்சுட்டுப் போவான். முதல் நாள் முயல், மறுநாள் குரங்கு, மூணாம் நாள் யானை. யானையைப் பார்த்ததும் வீட்டம்மா கையெடுத்துக் கும்பிட்டு, பையில இருந்த குங்குமத்தை எடுத்து நெத்தியில பொட்டு வச்சுட்டாங்க. ராத்திரி பிள்ளையாரைத் தள்ளி வச்சுட்டுப் படுக்க மனசு வராம, நாற்காலியில உட்கார வச்சாச்சு. மறுநாள் அந்தத் தம்பி பொட்டைப் பார்த்தான். என்ன புரிஞ்சுதோ, அன்னையில இருந்து வேற மிருகமே செய்யல, தினமும் யானைதான். சான் டியேகோ வந்து சேர்றப்ப எங்க அறையில பன்னெண்டு பிள்ளையார்!

ஒரு நாள் ராத்திரி எல்லாரும் கோட்டு சூட்டுல சாப்பிட வரணும்னு சொன்னாங்க. என்கிட்ட இருந்தது பட்டுக்கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையும். நம்ம ஊர்ல கல்யாணத்துக்கே அதுதானே கோட்டு சூட்டு? கட்டிக்கிட்டுப் போனேன். வாசல்ல நின்ன பொண்ணு "பியூட்டிஃபுல்"னு உள்ள விட்டுச்சு. எண்பது வயசு இருக்கும், ஒரு வெள்ளைக்காரப் பாட்டி என் இடுப்பையே ரொம்ப நேரம் பார்த்துட்டு, பெல்ட்டும் இல்ல பித்தானும் இல்ல, இது எப்படிய்யா நிக்குதுன்னு கேட்டாங்க. பேரன்தான் மொழிபெயர்ப்பு. "அம்பது வருஷப் பழக்கம்னு சொல்லுடா"ன்னேன். அவன் என்ன சொன்னானோ தெரியல, மேசையே சிரிச்சது.

அந்த மேசையிலதான் அயோவா பெரியவர் பழக்கமானார். அவரும் விவசாயி. மக்காச்சோளமும் சோயாவும் 1,400 ஏக்கர், வேலை செய்யறது அவரும் மகனும் மட்டும். எனக்கு எவ்வளவுன்னு கேட்டார். மூணே முக்கால் ஏக்கர்னேன். "ஓ, வீட்டுத் தோட்டமா? வயல் எவ்வளவு?"ன்னார். வயலே அதுதான்யான்னு சொன்னதுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம்தான் கேட்டுச்சு. பிறகு நான் கேட்டேன், அம்புட்டுச் சோளத்தையும் யார் திங்கிறதுன்னு. பெரும்பாலும் எத்தனால் ஆலைக்கும் மாடு, பன்னித் தீவனத்துக்கும் போகுதாம், வீட்டுல அவிச்சுத் திங்கிற சோளம் வேற ரகமாம், அதைக் கடையிலதான் வாங்குவாராம். இப்ப அமைதியா இருந்தது நான். மூணாவது நாள்ல இருந்து ரெண்டு பேர் பேச்சும் ஒண்ணுதான்: மழை, விதை விலை, வாங்க வர்றவன் சொல்ற விலை, மகனுக்கு அப்புறம் யாருன்னு தெரியாத நிலம்.

கார்தஹேனாவுல கோட்டைச் சுவருக்குள்ள பழைய ஊரு. கொலம்பியாக் கொடி நிறத்துல மஞ்சள், நீலம், சிவப்புப் பாவாடை கட்டி, தலையில பழக்கூடையோட பெண்கள் நடந்து வருவாங்க. பாலென்கேராஸ்னு பேரு. அடிமைகளாப் பிடிச்சுக் கொண்டுவந்த ஆப்பிரிக்க சனங்க தப்பிச்சுப் போய்த் தாங்களே உண்டாக்கிக்கிட்ட சான் பசிலியோ தெ பாலென்கே ஊரு அங்கிருந்து ஏறக்குறைய அம்பது கிலோமீட்டர். அந்த ஊர்ப் பெண்கள் பரம்பரையாப் பழம் வித்துப் பிழைச்சவங்க. இப்ப பழத்தை விடப் போட்டோவுல வருமானம் அதிகம். நம்ம வீட்டம்மா போட்டோ கேக்கல. நேரா போய் மாங்காயை முகர்ந்து பார்த்து, "ஏங்க, கல்லு வச்சுப் பழுக்க வச்சதில்ல, நம்பி வாங்கலாம்"னாங்க. அந்த அம்மா உடனே கூடையை இறக்கி வச்சுட்டாங்க. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு மொழியில பத்து நிமிஷம் பேரம் பேசி, கடைசியில ஒரு மாம்பழம் கொசுறு வந்துச்சு. போட்டோ காசும் கேக்கல.

மறுநாள்தான் பனாமா. நான் கிளம்பினதே அதுக்காகத்தான்.

கால்வாய்ன்னா, ரெண்டு கடலையும் சேர்த்து வெட்டின நேரான வாய்க்கால்னுதான் பலரும் நினைக்கிறாங்க. அப்படி வெட்டத்தான் 1881ல ஃப்ரெஞ்சுக்காரங்க இறங்கினாங்க. மலையும் மழையும் மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் சேர்ந்து இருபதாயிரம் பேருக்கு மேல கொண்டு போச்சு. பிறகு 1904ல வந்த அமெரிக்காக்காரங்க வேற வழி பிடிச்சாங்க. சாக்ரெஸ் ஆத்தைக் குறுக்கே மறிச்சுக் கத்தூன் ஏரியை உண்டாக்கினாங்க. கடல் மட்டத்துல இருந்து 26 மீட்டர் உசரத்துல ஏரி. கப்பலை மடை மடையா ஏரிக்கு ஏத்தி, அந்தப் பக்கம் மடை மடையா இறக்கி விடுறது. அதுலயும் 5,600 பேர் செத்தாங்க, பெரும்பாலும் பார்படாஸ் மாதிரித் தீவுகள்ல இருந்து வந்த கூலிக்காரங்க. 1914 ஆகஸ்ட் 15ல கால்வாயைத் திறந்தாங்க.

விடியக்காலம் மேல் தளத்துல எனக்கு முன்னாடியே அயோவாக்காரர் நின்னார். இத்தாம் பெரிய கப்பலுக்குக் கயிறு வாங்க யார் வந்தாங்க தெரியுமா? துடுப்புப் போட்டுக்கிட்டு ஒரு சின்னப் படகுல ரெண்டு பேர்! கயிறு கைமாறினதும் மடைச் சுவர் மேல தண்டவாளத்துல ஓடுற சின்ன ரயில் எஞ்சின்கள் ரெண்டு பக்கமும் கம்பியை இழுத்துப் பிடிச்சுக்கும். அதுக்குப் பேரு முலா, அதாவது கோவேறு கழுதை. கப்பலை நகர்த்துறது கப்பலோட சொந்த எஞ்சின்தான், கழுதைங்க வேலை அதை நடுவுல நிறுத்துறது. பழைய மடை அகலம் 110 அடி, அதுல போகக்கூடிய பெரிய கப்பல் அகலம் 106 அடி. பக்கத்துக்கு ரெண்டு அடி. நம்ம ஊர் சந்துல வைக்கோல் லாரி நுழையுற மாதிரியேதான்.

பின்னாடி கதவு சாத்துச்சு. மேல ஏரியில இருந்து சுவருக்குள்ள ஓடுற குழாய் வழியா தண்ணி இறங்குச்சு. பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது, மேட்டுத் தண்ணி பள்ளத்துக்குப் பாயுது, அவ்வளவுதான். அண்டாவுல தண்ணி நிரப்பினா மிதக்குற சொம்பு மேல வர்ற மாதிரி, ரெண்டாயிரம் பேரைத் தூக்கிக்கிட்டு கப்பல் எழும்புது. மூணு மடை ஏறி ஏரிக்குப் போனோம். ஏரிக்குள்ள தெரியுற தீவெல்லாம் முங்கிப்போன மலைகளோட உச்சி. அணையில ஒரு கலுங்கும் உண்டு, ஏரி ததும்பினா மறுகால் பாய. அம்மாம்பெரிய கால்வாய் கடைசியில ஒரு கண்மாய், சில மடை, ஒரு கலுங்குதான். எங்க ஊர் நீர்பாய்ச்சி வந்திருந்தா ஒரு மணி நேரத்துல வேலையைப் படிச்சுருப்பார்.

ஆனா இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. தீவுகளைச் சுத்தி, தண்ணிக்கும் பச்சைக்கும் நடுவுல செம்மண் பட்டை. ஏரி இறங்கியிருக்குன்னு அர்த்தம். ஒரு கப்பல் கடக்க ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நல்ல தண்ணி கடலுக்குப் போகுது. மனசுக்குள்ள கணக்குப் போட்டேன்: நாப்பது ஏக்கர் நெல்லை நட்டதுல இருந்து அறுக்குற வரைக்கும் காப்பாத்துற தண்ணி. அத்தனையும் மழைத்தண்ணி. அந்த நாட்டுல பாதிப்பேருக்கு மேல குடிக்கிறதும் இந்த ஏரிகள்ல இருந்துதான். 2023ல மழை பொய்ச்சுப் போய், 1950க்கு அப்புறம் அவ்வளவு வறண்ட அக்டோபர் இல்லேங்குற நிலை வந்துச்சு. வழக்கமா ஒரு நாளைக்கு 36 கப்பலுக்கு மேல போற இடத்துல, அந்த டிசம்பர்ல 22ஆக் குறைச்சாங்க. மத்ததெல்லாம் வாசல்ல வரிசையில நின்னுச்சு. 2016ல திறந்த புது மடைகள்ல பக்கத்துலயே தொட்டி கட்டி 60 சதவீதத் தண்ணியை மறுபடி எடுத்துக்கிறாங்க. அதுவும் போதாம இந்தியோ ஆத்துல புது அணைக்குத் திட்டம் போட்டிருக்காங்க. அந்த ஆத்தங்கரை விவசாயிகள் எங்க நிலம் முங்கும்னு எதிர்த்து நிக்குறாங்க.

கடைமடையில நிலம் வச்சிருக்கிற எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்ல. கண்மாய் குறைஞ்சா முதல்ல யாருக்கு, அடுத்து யாருக்குங்கிற பஞ்சாயத்து. வரிசையில நெல்லு வயலுக்குப் பதிலா இங்க கப்பல் நிக்குது. அயோவாக்காரர்கிட்ட செம்மண் பட்டையைக் கையால காமிச்சேன். அவர் ஏற்கனவே அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார். அவர் ஊரு சோயாவுல ஒரு பங்கும் இந்த வழியாத்தான் ஆசியாவுக்குப் போகுதாம். சுத்தி நின்னவங்க எல்லாம் மடையைப் போட்டோ எடுத்துக்கிட்டிருக்க, நாங்க ரெண்டு பேரும் மேகம் ஏதாவது கூடுதான்னு வானத்தைப் பார்த்தோம்.

சாயங்காலம் பெத்ரோ மிகேல்ல ஒரு மடை, மிராஃப்ளோரெஸ்ல ரெண்டு மடை இறங்கி பசிபிக் வந்துட்டோம். மேற்கால போறோம்னு நினைச்சா, நுழைஞ்ச இடத்தை விட வெளிய வந்த இடம் கிழக்கால இருக்குன்னு பேரன் வரைபடத்தைக் காமிச்சு சிரிக்கிறான். அந்த இடத்துல நிலம் அப்படி வளைஞ்சு கிடக்கு.

கோஸ்டா ரிகாவுல புந்தாரெனாஸ் துறைமுகம். கரையில ஒரு மாட்டு வண்டி! சக்கரத்துல ஆரக்கால் இல்ல, ஒரே தட்டு, சேத்துல புதையாம அறுத்துக்கிட்டுப் போகவாம். அதுல கோலம் மாதிரி வண்ணம். அந்தக் காலத்துல மலையில விளைஞ்ச காப்பியை இந்தத் துறைமுகத்துக்கு வண்டியிலதான் கொண்டு வந்தாங்க, பத்து பதினைஞ்சு நாள் பயணம். ஒவ்வொரு வண்டிக்கும் சக்கரச் சத்தம் தனியா இருக்குமாம், கேட்டாலே யார் வண்டின்னு தெரியும். நுகத்தடியைக் கழுத்துல வைக்காம கொம்போட சேர்த்துக் கட்டியிருந்தாங்க. நம்ம மாட்டுக்குத் திமில் இருக்கு, அது முட்டுக் கொடுக்கும். அதுகளுக்குத் திமில் இல்ல, கொம்புதான் கதி. வண்டிக்காரர்கிட்ட அனுமதி கேட்டு மாட்டோட தாடையைச் சொறிஞ்சு விட்டேன். ரெண்டு வாரமா கையே நமநமன்னு இருந்துச்சு.

அப்புறம் நாள் கணக்கா வெறும் கடல். கப்பல் மூக்கு தண்ணியைக் கிழிக்கிறப்ப பறக்கும் மீன் கூட்டம் கூட்டமா எழும்பும். அதைப் பிடிக்கக் கடல் பறவைகள் கூடவே பறந்து வரும், ஒண்ணு பாயும், ஒண்ணு தப்ப விடும். உழவு ஓட்டுறப்ப கொக்கு பின்னாடியே வருதுல்ல, அதே கூட்டாளித்தனம். வழியில மூணு தடவை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி திருப்பி வைக்கச் சொன்னாங்க. அந்த நாளுக்கெல்லாம் 25 மணி நேரம். கப்பல்ல எல்லாரும் ஒரு மணி நேரம் கூடத் தூங்கினாங்க. நான் நாலு மணிக்கு எந்திரிச்சுப் பார்த்தா மூணுதான் ஆகியிருந்துச்சு. பிலிப்பைன்ஸ் தம்பி பைப்போட நின்னான். மெக்சிகோவுல கரை பக்கம் வந்தப்ப சிக்னல் கிடைச்சுதாம். கட்டைவிரலைத் தூக்கிக் காமிச்சு, நடவு நடக்குற மாதிரி குனிஞ்சு குனிஞ்சு நடிச்சான். அவங்க அப்பா நட்டாச்சு.

பட்டணத்துல இருக்கிறவங்க யாராவது இந்தக் கப்பல்ல போனா ஒண்ணே ஒண்ணு சொல்றேன். கத்தூன் மடை வர்ற காலையில இட்லி தோசை தேடி சாப்பாட்டுக் கூடத்துல வரிசை நிக்காதீங்க. மேல வந்து சுவரை ஒரு அடையாளம் வச்சுப் பாருங்க, அது மெதுவா கீழ இறங்கும். உங்களைத் தூக்குறது யாரோ ஒரு மலையில முன்னாடி பெஞ்ச மழை. அப்படியே கரையில செம்மண் பட்டை எத்தனை அடி தெரியுதுன்னு பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. அயோவாக்காரருக்கும் சொல்லணும், கேட்டிருக்கார்.